மழைக்கு நின்ற வரிசை

சங்கரம்மாள் வைத்த கெடு இன்று சாயங்காலத்தோடு முடிகிறது.

போன வாரமே கதை கேட்க வந்து உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். இப்போதுதான் உள்ளே நுழைகிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லி விடலாம், தப்பில்லை. ஐப்பசியில் ஊரெல்லாம் பரவிய காய்ச்சலில் சங்கரம்மாளின் மருமகள் மாரீஸ்வரி போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்து சொந்தபந்தம் எல்லாம் பஸ் ஏறிய பிறகு, பிள்ளைகளுக்குத் துணையாக ரெண்டு நாள் இருக்கட்டும் என்று அவள் தங்கை காளீஸ்வரியை விட்டுப் போனார்கள். அந்த ரெண்டு நாள் சித்திரை வரைக்கும் நீண்டு விட்டது. அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் பில் போட்டுக் கொண்டிருந்த வேலையை அவள் விட்டாள். விட்டாள் என்று கூடச் சொல்ல முடியாது. போகாமலே இருந்து விட்டாள்.

பெண்டாட்டி இல்லாதவன் வீட்டில் கொழுந்தியாள் எத்தனை நாள்தான் இருப்பாள் என்று ஊர் குசுகுசுத்தது. ஊர் குசுகுசுத்ததை, அக்காவின் மாமியார் சங்கரம்மாள் நடுவீட்டில் வைத்து நேராகவே கேட்டாள்.

"நீயே எம் மவனக் கட்டிக்கிட்டா பிள்ளைகளுக்கு ஒரு கொறையும் தெரியாது. முடியாதுன்னா சொல்லிரு. பந்தல்குடியில ஒரு பொண்ணு இருக்கு. ஞாயித்துக்கெழம வீடு பாக்க வாராக. சனிக்கெழம பொழுது சாயறதுக்குள்ள எனக்கு ஒரு சொல்லு வேணும்."

இன்று சனிக்கிழமை. சரி என்றால், பந்தல்குடிக்காரர்களை வர வேண்டாம் என்று சங்கரம்மாள் சொல்லி விடுவாள். இல்லை என்றால், காளீஸ்வரி துணிமணியை எடுத்துக் கொண்டு தன் அய்யா வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைகள் இரண்டும் இன்னொருத்தி கைக்குப் போகும்.

அந்தச் சங்கரம்மாள்தான் காலையில் எல்லாரையும் கிளப்பி விட்டாள். "லீவு விட்டதுல இருந்து பிள்ளைக வீட்டுக்குள்ளயே கெடக்கு. அந்தப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. நாலு பேருமாப் போங்க."

நாலு பேருமாக என்பதை அவள் அழுத்திச் சொன்னதில் இருந்த சூட்சுமம், நடக்கத் தெரியாத பிள்ளைக்குக் கூடப் புரிந்திருக்கும்.

காரியாபட்டி தாண்டி மதுரை ரோட்டில், சீமைக்கருவேலங்காட்டைத் தோண்டி எறிந்து விட்டுப் போட்ட பார்க் அது. பெயர் சாரல் உலகம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் வெடித்துக் கிடக்க, நடுவில் பச்சை பெயின்ட் அடித்த சிமென்ட் மலை ஒன்று நின்றது. கட்டிக் கொண்டு போன எலுமிச்சம்பழச் சாதத்தை வாசலிலேயே தடுத்து விட்டார்கள். அது வண்டிக்குள் வெந்து கொண்டிருக்கிறது.

கிளி சைக்கிள் ஓட்டும் ஷோவுக்கு ஒரு வரிசை, பனிக்கட்டி அறைக்கு ஒரு வரிசை என்று காலையிலிருந்து நின்று தீர்த்தார்கள். கிளி ஓட்டியது ஒரு சுற்று. அதற்கு நின்றது அரை முற்பகல்.

நிற்பது காளீஸ்வரிக்குச் சிரமமாக இல்லை. சொல்லப் போனால் சௌகரியமாகவே இருந்தது. முன்னால் இருப்பவர் நகர்ந்தால் நகர வேண்டும், நின்றால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஐப்பசியிலிருந்து அவள் அப்படித்தான் இருக்கிறாள். சோறு வைத்தால் சாப்பிடுகிறாள். விடிந்தால் எழுந்து பிள்ளைகளுக்குத் தலை சீவுகிறாள். சம்மணம் போட்டு வெகு நேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் நம்முடையதாகவே இருக்காதே, கிள்ளினால் யாரையோ கிள்ளுவது போலிருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகியிருந்தது.

கடைசியாக மழை ஷோ. குரு வந்ததே இதற்காகத்தான்.

குரு மூத்தவள். பள்ளிக்கூடத்தில் குருப்பிரியா. ஒன்றாம் வகுப்பு முடித்து விட்ட பெரிய மனுஷி. அவளோடு படிக்கும் பெண் ஒருத்தி இந்த மழையில் நனைந்து விட்டு வந்து வகுப்பையே அழ வைத்திருந்தாள். இளையவன் சங்கையா, குலசாமி பேர். வீட்டில் சங்கு. பேருக்குத் தகுந்த தொண்டை.

பெரிய தகரக் கொட்டகை. உள்ளே இருட்டாக்கி, இடி இடிக்க விட்டு, மின்னல் வெட்டி, கூரையிலிருந்து தண்ணீரைப் பெய்ய விடுவார்களாம். அதைப் பார்க்க வானம் பார்த்த பூமிக்காரர்கள் உச்சி வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள். முன்னால் நின்ற பெரியவர், "நம்ம கம்மாய்க்கு மேலயும் ஒரு தகரத்தப் போட்டுப் பாக்கணும்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். மாரீஸ்வரியின் புருஷன் பாண்டீஸ்வரன் சிரிக்கவில்லை.

பாண்டீஸ்வரன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். லோடு ஏற்றினால் தூத்துக்குடி வரைக்கும் போய் வருவான். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவான் என்று மாரீஸ்வரி அலுத்துக் கொள்வாள். இப்போது வீட்டில் அவன் பேச்சு பிள்ளைகளைத் தாண்டிப் போவதில்லை. சாப்பிட்டுச்சா, தூங்கிருச்சா, காச்சல் விட்டுச்சா, அவ்வளவுதான். காளீஸ்வரியைக் கட்டிக் கொள்ள அவனுக்குச் சம்மதமா என்று யாரும் அவனைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆம்பளையை எதற்குக் கேட்க வேண்டும் என்று சங்கரம்மாள் நினைத்திருப்பாள்.

வரிசை இரும்புக் கம்பிகளுக்கு நடுவே போய்த் திரும்பி, போய்த் திரும்பி வந்தது. ஒரு முக்கில் மட்டும் தண்ணீர்ப் புகை விடும் பெரிய மின்விசிறி. அந்த முக்குக்கு வந்தவர்கள் நகர மனமில்லாமல் நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள்.

சங்கு கம்பியில் தொங்கினான். கம்பியை நக்கினான். கையில் கட்டி விட்ட காகிதப் பட்டையைக் கடித்துப் பிய்த்தான். தரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி முன்னால் நின்ற பெரியவரின் காலுக்குப் போட்டுப் பார்த்தான்.

"எப்ப வரும்?"

"இந்தா வந்துரும்."

"எப்ப வரும்?"

"வந்துரும்டா."

தூக்கி இடுப்பில் வைத்தாள். இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். கடைசியில், "மச்சான், இவனக் கொஞ்சம் வாங்குங்க. கை விட்டுப் போச்சு" என்றாள்.

பாண்டி வாங்கித் தோளில் போட்டுக் கொண்டான்.

பின்னால் நின்ற அம்மாள் இதைப் பார்த்துக் கொண்டிருந்தாள். கனத்த உடம்பு, காதில் பெரிய தோடு, கூடவே மகளும் பேத்திகள் இரண்டும். வாசலில் பிடிபடாமல் முந்தானைக்குள் சுற்றிக் கொண்டு வந்த முறுக்குப் பொட்டலத்தைப் பேத்திகளுக்கு ஒடித்து ஒடித்துக் கொடுத்துக் கொண்டிருந்தாள்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு நல்ல பொறும தாயி" என்றாள். "எங்க மாப்பிள்ளையெல்லாம் வண்டிய விட்டே எறங்கல."

நம் பக்கத்தில் அக்கா புருஷனும் மச்சான்தான், கட்டின புருஷனும் மச்சான்தான். பக்கத்தில் நின்று கேட்கிறவர்கள் எது வசதியோ அதை எடுத்துக் கொள்ள வேண்டியதுதான். ரெண்டு பிள்ளைகளோடு ஓர் ஆணும் பெண்ணும் நின்றால் அந்த அம்மாள் வேறென்ன நினைப்பாள். திருத்தியிருக்க வேண்டியது காளீஸ்வரி. ஆனால் யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்துவதை அவள் எப்போதோ விட்டு விட்டாள். சும்மா தலையை ஆட்டினாள்.

வரிசை நகர்ந்தது. கொட்டகை வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்ததும், தோளில் கிடந்த சங்கு நிமிர்ந்தான்.

"சித்தி. ஒண்ணுக்கு."

"முன்னாடியே கேட்டேனேடா."

"இப்பத்தான் வருது."

பிள்ளைகளோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்த நேரம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. பாண்டி அவனைத் தூக்கிக் கொண்டு கம்பிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து வெளியே ஓடினான்.

பின்னால் முறுக்கு ஒடிக்கும் சத்தம் நின்றது.

சித்தி என்ற சொல்லும் அப்படித்தான் நம்மிடம். அம்மாவின் தங்கையும் சித்தி, அம்மா போன பிறகு அப்பா கட்டிக் கொண்டு வருகிறவளும் சித்தி. தனித்தனியாக வந்தால் ஒன்றும் இல்லை. மச்சானும் சித்தியும் ஒரே வாசலில் சேர்ந்து வந்தால், கேட்கிறவர்களுக்கு ஒரே கணக்குத்தான் வரும். மூத்த தாரம் போய்ச் சேர்ந்து விட்டாள், இவள் ரெண்டாந்தாரம்.

அந்த அம்மாளின் முகம் மாறியது. முறுக்கு ஒன்றை எடுத்துக் குருவிடம் நீட்டினாள். நீட்டும்போது குரலில் தேன் வழிந்தது.

"ஒம் பேரென்ன கண்ணு?"

கூட்டத்தில் தொலைந்து போனால் சொல்வதற்கென்று வழியெல்லாம் காளீஸ்வரி சொல்லிக் கொடுத்திருந்தாள். குரு கையைக் கட்டிக் கொண்டு ஒப்பித்தாள். "என் பேரு குருப்பிரியா. எங்கப்பா பேரு பாண்டீஸ்வரன். ஊரு மேலப்புளியங்குளம், திருச்சுழி தாலுகா. கூட வந்தது சித்தி."

"அம்மா?"

"செத்துப் போச்சு." அதையும் அதே ராகத்தில் சொன்னாள்.

"பாவமே. சித்தி அடிக்குமா?"

"அடிக்கும்."

அந்த அம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் உச்சுக் கொட்டினாள். "பல்லு வெளக்காட்டி அடிக்கும்" என்று குரு சேர்த்துச் சொன்னதை இரண்டு பேரும் கேட்கவில்லை. குரு முறுக்கைக் கடித்தாள்.

காளீஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டுதான் நின்றாள். கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. கட்டிக் கொண்டால் ஆயுசுக்கும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தோன்றியது. இதே கை, இதே அடி, இதே சோறு. ஆனால் பார்க்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அடுத்த வீட்டுக் கல்யாணமாக இருந்தால் எப்படி நினைப்பாளோ, அவ்வளவு தூரத்தில் நின்றுதான் இதை நினைத்தாள்.

"ஏந்தாயி" என்று அந்த அம்மாள் இப்போது அவளையே கூப்பிட்டாள். குரலில் தேன் இல்லை. "மேலப்புளியங்குளம்னா, குட்டியானை வச்சிருக்காகளே, சங்கரம்மா மவன் பாண்டி. அவுகளா ஒங்க வீட்டுக்காரரு?"

"ஆமா. சங்கரம்மா மவன்தான்" என்றாள் காளீஸ்வரி. கேள்வியில் பாதிக்குத்தான் அது பதில். மீதிப் பாதிக்கும் அதுவே பதிலாகப் போய்ச் சேர்ந்தது.

"சரிதான்" என்றாள் அந்த அம்மாள். பேத்திகளை மகளிடம் தள்ளி விட்டு, அந்தக் கனத்த உடம்போடு கம்பிக்கு அடியில் குனிந்து வெளியே போனாள். போகும்போதே இடுப்புச் செருகலிலிருந்து போனை எடுத்தாள்.

குரு முறுக்கை முடித்து விட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"சித்தி, அந்தப் பாட்டி எதுக்குப் பாவம்னுச்சு?"

"அம்மா இல்லேல்ல, அதான்."

"அப்பத்தா சொல்லுச்சு, நாளைக்குப் பந்தல்குடியில இருந்து ஒரு சித்தி வரும்னு."

"ம்."

"நீயும் சித்தி. அதுவும் சித்தியா?"

"ஆமா."

"ரெண்டும் ஒரே சித்தியா, வேற வேற சித்தியா?"

காளீஸ்வரி குனிந்து அவள் வாயோரம் ஒட்டியிருந்த முறுக்குத் துணுக்கைத் தட்டி விட்டாள். "வேற வேற" என்றாள்.

"எது நம்ம வீட்டுல இருக்கிற சித்தி?"

வரிசை நகர்ந்தது. காளீஸ்வரி நகர்ந்தாள். பாண்டி சங்குவோடு வியர்த்து வழிந்து வந்து சேர்ந்து கொண்டான். குருவின் கேள்வி அங்கேயே, கம்பி ஓரத்தில் நின்று விட்டது.

கொட்டகைக்குள் நீளமான படிகளில் உட்கார வைத்தார்கள். சின்னப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு பெரியவர், மடியில் வைத்துக் கொள்ள வேண்டும் என்று ஒலிபெருக்கி சொன்னது. குரு அப்பா மடியில், சங்கு சித்தி மடியில். விளக்கு அணைந்ததும் பிள்ளைகள் கத்தின. முதல் இடிக்குச் சங்கு அவள் ரவிக்கைத் துணியைக் கொத்தாகப் பிடித்துக் கொண்டு முகத்தைப் புதைத்தான். தண்ணீர் விழ ஆரம்பித்தது. குரு இரண்டு கைகளையும் விரித்து, வாயைத் திறந்து, அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

காளீஸ்வரி சரி என்று சொல்வதாகத்தான் இருந்தாள். ஆசை என்று ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் வேண்டும், பேச்சு வேண்டும், வீராப்பு வேண்டும். சரி என்பதற்கு ஒன்றும் வேண்டியதில்லை. இந்தச் சங்குவின் தலை வாசம் கிடைக்கும். அது போதும் என்று நினைத்திருந்தாள்.

"காளி."

பாண்டி அவள் பக்கம் திரும்பாமலே பேசினான். இடிச் சத்தத்துக்கு நடுவில் அவள் காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"ஆத்தாட்ட நீ வேண்டாம்னு சொல்லிரு."

அவள் சங்குவை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக் கொண்டாள்.

"என்னால சொல்ல முடியாது. சொன்னா, செத்தவ தங்கச்சிய வேலைக்காரி மாதிரி வச்சிருந்து வெரட்டி விட்டான்னு ஊரு பேசும். ஆத்தாவும் விடாது. நீ சொன்னா ஒரே பேச்சு. முடிஞ்சு போகும்."

"எதுக்கு மச்சான் வேண்டாம்?"

அவன் அண்ணாந்து பார்த்தான். கூரையில் மின்னல் வெட்டியது. நனைந்த முகத்தில் எது தண்ணீர், எது என்ன என்று யாருக்கும் தெரியாத இடம் அது. அதனால்தான் அங்கே வைத்துச் சொன்னானோ என்னவோ.

"ஒனக்கு அவ கொரலு" என்றான். "நீ அடுப்படியில இருந்து பிள்ளையக் கூப்பிட்டா, அவதான்னு திரும்பிர்றேன். தெனமும் இதே பாடு. திரும்பிப் பாத்தா நீ நிக்கிற. அந்த நேரத்துல எனக்கு ஒன்னப் பாக்கப் பிடிக்கல காளி. ஒம் மேல தப்பில்ல. ஆனாப் பிடிக்கல. காலம் பூராம் ஒன்ன அப்பிடிப் பாத்துக்கிட்டு இருந்தா அது ஒனக்குச் செய்யிற பாவம்."

சங்கு அவள் மடியில் நடுங்கினான். அவன் காதை உள்ளங்கையால் மூடினாள். "சரி" என்றாள்.

காலையிலிருந்து அவள் தயாராக வைத்திருந்த சொல் அது. சங்கரம்மாளுக்கென்று வைத்திருந்ததை இவனிடம் கொடுத்து விட்டாள். இனி சங்கரம்மாளிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சாயங்காலத்துக்குள். பிடிக்கல என்ற சொல் காதில் விழுந்தது. வலித்ததா என்று பார்த்துக் கொண்டாள். சரியாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் வெயில் அவர்களைக் காய வைக்க ஆரம்பித்து விட்டது. சங்கு பாண்டியின் தோளில் நனைந்தபடியே தூங்கிப் போனான். குரு பாவாடையைப் பிழிந்து, பிழிந்த தண்ணீரைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பிழிந்தாள். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த போன் அடித்தது. சங்கரம்மாள்.

"எங்கத்தா இருக்கீக?" குரலே குதித்தது. "சேதி தெரியுமா? பந்தல்குடிக்காரவுக நாளைக்கி வரலையாம்."

"ஏன் அத்தை?"

"அந்தப் பொண்ணோட அத்தக்காரி பிச்சையம்மான்னு ஒருத்தி, ஒங்கள அங்கன வச்சுப் பாத்துருக்கா. நீ மச்சான்னு கூப்பிட்டியாம், பிள்ளைக சித்தின்னுச்சாம். அவனுக்குத்தான் ரெண்டாங் கலியாணம் ஆகிருச்சே, எங்க பொண்ண மூணாவதாவா கேக்குறீகன்னு ஏசு ஏசுன்னு ஏசிட்டுப் போன வச்சுட்டாக."

"நீங்க இல்லன்னு சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்? நான் கேட்டு நீ வாயத் தெறக்கல. அவளாப் பாத்து முடிச்சு வச்சுட்டா. இனிமே நீ சரின்னு கூடச் சொல்ல வேண்டியதில்லத்தா. பேசாம வா. வைகாசியில தேதி பாத்துருவோம்."

போன் நின்றது. காளீஸ்வரி பாண்டியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் வாகனங்கள் நிற்கும் இடத்தில் இருந்த சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தான். தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தட்டிக் கொடுத்துக் கொண்டே இருந்தான். "இனி என்ன செய்ய" என்றான். அது கேள்வி மாதிரியும் இல்லை.

செய்வதற்கு ஒன்றும் இல்லைதான். பேசாமல் வண்டியில் ஏறினால் போதும். பேசாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த விஷயம். பேசாமல் இருந்தால் இந்தப் பிள்ளைகள் அவளுக்கு. கூடவே, குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்து ஏமாந்து போகிற ஒரு மனுஷனும் அவளுக்கு. வாயைத் திறந்தால் இரண்டும் போகும். சங்குவின் வலது கால் செருப்பைக் காணவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

இரண்டு வண்டி தள்ளி ஒரு வேன் நின்றது. அதன் வாசலில் பேத்திகளின் தலையைத் துவட்டிக் கொண்டிருந்தாள் முறுக்குக்கார அம்மாள்.

"குருவப் பாத்துக்கங்க" என்று பாண்டியிடம் சொல்லி விட்டுக் காளீஸ்வரி நடந்தாள்.

காளீஸ்வரி பக்கத்தில் போய் நின்றதும், இவள் சண்டைக்கு வருகிறாள் என்றே பிச்சையம்மாள் நினைத்தாள். துண்டை மடித்துத் தோளில் போட்டுக் கொண்டாள்.

"நான் அவுக சம்சாரம் இல்லம்மா. கொழுந்தியா. செத்தது எங்கக்கா."

"மச்சான்னு கூப்பிட்டியே."

"அக்கா வீட்டுக்காரரு மச்சான்தான."

"பிள்ள சித்தின்னுச்சே."

"அம்மாவோட தங்கச்சி சித்திதானம்மா."

பிச்சையம்மாளுக்கு வாய் பிளந்தது பிளந்தபடியே நின்றது. மெதுவாக வேன் படியில் உட்கார்ந்தாள். "அடி ஆத்தீ" என்றாள். பிறகு, "நான்தான் கேட்டேன்ல. வீட்டுக்காரரான்னு கேட்டேன்ல. அப்பயே சொல்லிருக்கலாம்லத்தா."

"சொல்லிருக்கலாம்."

"எங்கண்ணன் மவளாக்கும் அது. செவ்வா தோசம்னு வந்த எடமெல்லாம் தட்டிப் போயி இப்பத்தான் ஒண்ணு கூடி வந்துச்சு. அதையும் நானே கெடுத்துட்டேனா?" நெற்றியில் அடித்துக் கொண்டாள். "இனிமே நான் சொன்னா எங்க மதினி வெளக்குமாத்தத் தூக்கிட்டு வருவா. நீயே சொல்லிரு தாயி. அந்தப் பொண்ணு போனுக்கே போடுறேன். முனீஸ்வரின்னு பேரு."

காளீஸ்வரி யோசிப்பதற்குள் போன் அவள் கையில் இருந்தது. ஒரு பெண் குரல், ஒடுங்கிய குரல், "சொல்லுங்கத்த" என்றது.

"நான் அத்த இல்லங்க. பாண்டீஸ்வரன் கொழுந்தியா. காளீஸ்வரி."

காளீஸ்வரி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். தப்பாக விளங்கிக் கொண்டார்கள், கல்யாணம் எதுவும் ஆகவில்லை, தான் அக்கா பிள்ளைகளைப் பார்க்க வந்தவள். "நாளைக்கி வாங்க. அவுக நல்ல மனுஷன். நான் எங்கய்யா வீட்டுக்குக் கெளம்பிருவேன்." கடையில் பில் வாசிப்பது போலத்தான் சொன்னாள். அத்தனையும் சொல்லி முடித்ததும், தான் இவ்வளவு பேசியது எப்போது என்று அவளுக்கே நினைவு வரவில்லை.

"பிள்ளைக ஒங்க கூடத்தான் இருக்காமே" என்றது அந்தக் குரல்.

"ஆமா."

"ஒங்கள விட்டு இருந்துக்கிருமாக்கா?"

காளீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். பாண்டியின் தோளில் சங்கு வாயைத் திறந்து தூங்கினான். குரு பாவாடையில் தண்ணீர் தீர்ந்து போய், அதைக் காற்றில் விரித்துப் பிடித்துக் கொண்டு நின்றாள்.

"சின்னப் பிள்ளைகதான. பழகிரும்."

"பிள்ளைக சரி. நீங்க? நீங்க அதுகள விட்டு இருந்துக்கிருவீகளா?"

ஐப்பசியிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டு விட்டார்கள். பிள்ளைகள் சாப்பிட்டதா, பாண்டி தேறி விட்டானா, நீ என்ன முடிவு பண்ணியிருக்கிறாய். இதை ஒருத்தர் கேட்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தி, நாளைக்கு அந்த வீட்டுக்கு வரப் போகிறவள், பந்தல்குடியில் உட்கார்ந்து கொண்டு கேட்கிறாள்.

"மாட்டேன்" என்றாள் காளீஸ்வரி.

யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான், நாளைக்கு வாங்க என்று இதே வாயால் சொல்லி முடித்தது உறைத்தது. பிச்சையம்மாள் வேன் படியிலிருந்து எழுந்து அவள் முகத்தையே பார்த்தாள். மறுமுனையில் முனீஸ்வரி இன்னும் இருந்தாள். போனை வைக்கவில்லை.